காவியத்தில் எத்தனை அடுப்பு?

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல்கள். அவற்றுக்குக் கீழே, கஞ்சி வடிக்கும்போது பட்ட பழைய சூட்டுத் தழும்பு. மேடையில் ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்ற பரிமளா அந்தக் கையைப் பார்த்ததும் தலையை மெல்ல இடம் வலமாக அசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். கை இறங்கவில்லை.

அது பல்கலைக்கழகத்தின் கருத்தரங்க அறை. சுவரில் இரண்டு ஏசி இருந்தன, ஒன்று ஓடியது. ஜன்னலோரம் அட்டைப்பெட்டிகளில் லட்டும் மிக்சரும். முன்வரிசையில் பேராசிரியர்கள். நடுவில் மாணவர்கள். பின்னால் நான்கு வரிசைகளில் செஞ்சியிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள், கல்யாணத்துக்கு வந்ததுபோல் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக.

பரிமளாவின் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கேள்வியும் கேட்கலாம்.

அன்று வெளித் தேர்வாளர் கேட்ட ஒரு கேள்விக்குப் பரிமளா சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. ஆய்வேட்டின் நான்காம் இயலைத் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்லிவிடுவார் என்ற நிலை. திருத்தம் என்றால் இன்னும் ஒரு வருடம். அதற்குள் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு போய்விடும். வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக விரிவுரையாளர் வேலையிலேயே பரிமளா தொடர வேண்டியிருக்கும்.

கேள்வி சிறியது. மிகப் பழைய கிரேக்கப் போர்க்காவியம் ஒன்றில், அறுவடை நடக்கும் வயலோரத்தில் ஒரு மாடு அறுக்கப்படுகிறது. அந்தக் கறி யாருக்கு?

பிழை பார்க்கும் வீடு

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் என் வீடு. மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரி தெரியும். சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியதிலிருந்து, கல்யாணப் பத்திரிகை, மனு, கண்ணீர் அஞ்சலி என்று எதை அச்சடிப்பதானாலும் என்னிடம் பிழை பார்க்கக் கொண்டுவருகிறார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. 'பேப்பர்கார சார் வீடு' என்றால் ஆட்டோ நேராக வந்து நிற்கும்.

பரிமளாவும் அப்படித்தான் வந்தார். துணிப்பையில் ஆய்வேட்டின் முதல் இரண்டு இயல்கள். தலைப்பைப் படித்தேன். பழங்கிரேக்கக் காவியங்களில் வரும் சமூகம் எவ்வளவு கற்பனை, எவ்வளவு வரலாறு என்பதே பொருள்.

"செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கிரேக்கமா?" என்றேன்.

"கிரேக்கத்துல உக்காந்து செஞ்சியப் பத்தி எழுதறாங்களே சார், அவங்கள யாராவது கேட்டாங்களா?"

அந்த வார்த்தைக்கே இரண்டு இயல்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவலூர்பேட்டை சாலையில் உள்ள ஒரு கிராமத்தின் காலனி அவருடைய ஊர். நைனா, அம்மா இருவரும் நிலமில்லாத கூலிக்காரர்கள். இருவரும் இப்போது இல்லை. அக்கா அஞ்சலை ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு அறுவடைக்கும் களையெடுப்புக்கும் போய்த் தங்கையைப் படிக்க வைத்தவர். இப்போது அதே ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமையலர். அக்காவின் கணவர் முருகேசன் ஆட்டோ ஓட்டுகிறார்.

எல்லாம் ஒரே ராஜா

முருகேசனுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. பேருந்து நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்களைக் கோட்டைக்கு ஏற்றிச் செல்லும்போது, கேட்காமலே வரலாறு சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிமளாவும் நானும் அவருடைய ஆட்டோவில் கோட்டைக்குப் போனோம். மூன்றாம் இயலை அங்கே வைத்துத்தான் விளக்க முடியும் என்று பரிமளா சொல்லியிருந்தார்.

"அதோ கல்யாண மஹால். நம்ம ராஜா கட்னது. இது களஞ்சியம், அதுவும் ராஜாதான். யானக்குளம், ராஜா."

"மாமா, அந்த மசூதி?" என்றார் பரிமளா.

முருகேசன் வண்டியின் வேகத்தைக் குறைக்கவேயில்லை. "அது ராஜா ஃப்ரெண்டுக்குக் கட்டிக் குடுத்தது."

"பிரெஞ்சுக்காரன் வெச்சிருந்த இடம்?"

"ராஜா வாடகைக்கு உட்டிருப்பாரு. நீ படிச்சவ, உனுக்குத் தெரியாததா?"

இறங்கி நடந்தோம். கல்லில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. களஞ்சியத்துக்குள் வௌவால் நாற்றம். தரை மட்டும் குளிர்ச்சி. பரிமளா சொன்னதை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன்.

இந்தக் கோட்டையை ஒருவர் கட்டவில்லை. ஒவ்வொரு காலத்திலும் வந்தவர்கள் மதில் ஏற்றினார்கள், மண்டபம் சேர்த்தார்கள், இடித்தார்கள், பூசினார்கள். ஆனால் கதை சொல்கிறவருக்கு ஒரு ராஜா போதும். எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிவிடுவார். கிரேக்கப் பாடகரும் அதையே செய்தார். அவர் வாழ்ந்தது இரும்புக் காலம். கதை நடப்பதாகச் சொன்னதோ வெண்கலக் காலத்தில். வீரர்கள் கையில் வெண்கல ஈட்டியைக் கொடுத்துவிட்டு, உவமை சொல்லும்போது தன்னையறியாமல் கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் அமிழ்த்துகிறார். பழைய போர்களில் தேர் எதற்குப் பயன்பட்டது என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால் அவருடைய வீரர்கள் தேரில் ஏறிப் போர்க்களத்துக்குப் போய், இறங்கி நின்று சண்டை போடுகிறார்கள்.

"மாமா ஆட்டோ மாதிரி," என்றார் பரிமளா. "கோட்டை வாசல்ல எறக்கி உட்டுட்டு வெளிய நிக்கும்."

அப்படியொரு சமூகம் எந்த ஒரு காலத்திலும் முழுதாக இருந்ததில்லை. ஐந்தாறு காலங்களின் துண்டுகளைச் சேர்த்துப் பாடகர் கட்டிய ஊர் அது. இதை அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பரிமளா தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய கேள்வி அடுத்தது. இத்தனை கற்பனைக்கு நடுவில் எது நிஜம் என்று எப்படிப் பிரிப்பது?

கற்பனை தேவைப்படாத இடம்

அவர் கண்ட பதில் எளிமையானது. பாடகர் அரண்மனையைப் பார்த்ததில்லை. அதனால் அதைத் தங்கத்தாலும் வெள்ளியாலும் இழைக்கிறார். வாசலில் கூலிக்கு நிற்பவனைத் தினமும் பார்க்கிறார். அதனால் அவனைப் பற்றி நாலு வார்த்தைக்கு மேல் சொல்வதில்லை. எங்கே வர்ணனை குறைகிறதோ அங்கே நிஜம் இருக்கிறது.

செய்தி மேசையில் எனக்கும் இது பழக்கமான விஷயம். மாவட்ட நிருபர் அனுப்பும் செய்தியில் 'மக்கள் வெள்ளம்', 'விண்ணைப் பிளந்த கோஷம்' என்றிருந்தால் அவர் நிகழ்ச்சிக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்வோம். 'மைக் இரண்டு முறை நின்றுபோனது' என்று எழுதியிருந்தால் போயிருக்கிறார்.

கிரேக்கத்தில் பழைய அரண்மனைகளைத் தோண்டியபோது களிமண் பலகைகள் கிடைத்தனவாம். அவற்றில் போரும் இல்லை, வீரனும் இல்லை. நூல் நூற்கும் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எவ்வளவு தானியம், எவ்வளவு அத்திப்பழம் என்ற பட்டியல்தான். காவியத்தில் இந்தப் பட்டியல் எழுதுகிறவர்கள் ஒருவர்கூட வருவதில்லை. பாடகர் காலத்துக்குள் அந்த எழுத்தே மறந்துபோயிருந்தது.

பின்னொரு நாள் அஞ்சலையிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "ரேஷன் இல்லாம எந்த ராஜா சார் ஆண்டான்?" என்றார்.

நான் அடித்த பத்தி

நான்காம் இயலுக்கு வருகிறேன். என் தவறு அதில்தான் இருக்கிறது.

காவியத்தில் ஒரு கேடயம் செய்கிறார்கள். அதன் மேல் ஒரு நாட்டின் வாழ்க்கை முழுவதையும் சித்திரமாகச் செதுக்குகிறார்கள். அதில் ஒரு அறுவடை. கூலியாட்கள் அறுக்கிறார்கள், பின்னால் சிலர் கட்டுகிறார்கள். ராஜா கோலை ஊன்றிப் பேசாமல் நிற்கிறார், மனம் நிறைந்து. ஒரு மரத்தடியில் அரசனின் ஏவலர்கள் பெரிய மாடு ஒன்றை அறுத்து விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். பெண்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கு வெள்ளை மாவை நிறையத் தூவுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

பலர் இதை ஒரே விருந்தாகப் படிக்கிறார்கள். ராஜாவும் கூலிக்காரனும் சேர்ந்து கறி சாப்பிடும் பொற்காலம். பரிமளா அப்படிப் படிக்கவில்லை. கறி ராஜாவுக்கு, மாவுக்கூழ் ஆட்களுக்கு என்று படித்தார். நான்காம் இயல் முழுவதும் அந்த ஒரு வாசிப்பின் மேல் நிற்கிறது.

அந்த இயலின் முதல் வரைவில் ஒரு பத்தி இருந்தது. பனமலை ஏரிப் பாசனத்தில் அறுவடைக்குப் போன தன் தமக்கை அஞ்சலை சொன்னது என்று குறிப்பிட்டு, வயலில் இரண்டு சமையல் நடக்கும் வழக்கத்தை விவரித்திருந்தார். நான் சிவப்பு மையால் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'உறவினரைச் சான்றாகக் காட்ட வேண்டாம்.'

பத்திரிகையில் அது சட்டம். நிருபர் தன் மைத்துனனின் பேட்டியைப் 'பொதுமக்கள் கருத்து' என்று போடக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் எந்த இடத்துக்கு என்று யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

பரிமளா எதிர்த்துப் பேசவில்லை. "அதுவும் சரிதான் சார். கிரேக்கத்துக்கு எங்க அக்கா சாட்சின்னா சிரிச்சிடுவாங்க" என்றார். அப்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

திருத்திய பக்கங்களைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போன அன்று அஞ்சலை பள்ளியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அறுவடையைப் பற்றிக் கேட்டேன்.

"கயினில எறங்குனதும் ரெண்டு கோஷ்டியா பிரிச்சி உடுவாங்க சார். இவங்க கெழக்க, அவங்க மேக்க. எதிரும் புதிருமா அறுத்துக்கினு நடுவுல வந்து முட்டணும். யாரு மொதல்லன்னு போட்டி. ஜெயிச்சா இன்னா குடுப்பாங்கன்னு கேளுங்க."

"என்ன கொடுப்பார்கள்?"

"அடுத்த கயினில எறக்கி உடுவாங்க."

முருகேசன் உள்ளேயிருந்து சிரித்தார். "இவ எப்பவும் ஜெயிச்சவ சார். அதான் இடுப்பு போச்சி."

"நீ பேசாத. கட்டு தூக்கச் சொன்னா வரப்புல உக்காந்து பீடி புடிச்ச ஆளு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே சட்டில எல்லாருக்கும் சாப்பாடுன்னா அது மேல்சித்தாமூர் பக்கம்தான் சார். அங்க ஜைனருங்க, கறியே கெடையாது. ஆளுக்கும் சாம்பார், மொதலாளிக்கும் சாம்பார். பொழுது சாயறதுக்குள்ள சோறு போட்டுடுவாங்க. மத்த எடத்துல ஆட்டுக்கறி வாசன நமக்கு, ஆட்டுக்கறி அவங்களுக்கு."

இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அடித்த பத்தியைத் திரும்பச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் முந்திய முனைவர்

தேர்வு நாள் உறுதியானதும் முருகேசன் ஃப்ளெக்ஸுக்கு வாசகம் கேட்டு வந்தார். எழுதிக் கொடுத்தேன்: 'முனைவர் பட்டம் பெற்ற எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாழ்த்துகள்.' நடக்கப் போவதை நடந்ததாக எழுதுவது எனக்குக் கைப்பழக்கம். வெளியூர்ப் பதிப்பு சீக்கிரம் அச்சுக்குப் போகும் என்பதால், மாலையில் நடக்க வேண்டிய விழா மதியமே 'நடைபெற்றது' ஆகிவிடும்.

தேர்வுக்கு மறுநாள் கட்டச் சொல்லியிருந்தேன். முந்தின நாளே பேருந்து நிலையத்துக்கு எதிரில் கட்டிவிட்டார்.

"நாளைக்கி முகூர்த்தம் சார். கல்யாண பேனருங்க வந்து எடம் புடிச்சிடும். ஒரு கம்பம் கெடைக்காது."

அந்த வழியே போன யாரோ படம் எடுத்து அனுப்பி, அது பரிமளாவின் நெறியாளர் கைப்பேசிக்கும் போய்விட்டது. மறுநாள் காலை பரிமளா முதல் ஆளாக வேனில் ஏறினார். திண்டிவனம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பட்டம் வரலன்னா 'பெற்ற' மேல சாணித்தாள் ஒட்டி 'பெறப்போகும்'னு எழுதிடலாம்" என்றார் முருகேசன். வேனே சிரித்தது, பரிமளாவைத் தவிர.

மரத்தடியில் தள்ளி

வெளித் தேர்வாளர் வெள்ளைக் கதர்ச் சட்டை போட்ட, குரல் உயர்த்தாத மனிதர். ஆய்வேட்டில் மஞ்சள் காகிதத் துண்டுகள் செருகியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், பெரும்பாலானவை நான்காம் இயலில் இருந்தன.

"செஞ்சியில் ஏற்கெனவே பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்" என்று தொடங்கினார். அரங்கம் சிரித்தது. 

முதல் மூன்று இயல்களில் அவர் கேட்டவற்றுக்குப் பரிமளா தெளிவாகப் பதில் சொன்னார். பிறகு மாட்டுக்கு வந்தார்கள்.

"கறியின் மேல் மாவைத் தூவினார்கள் என்றும் இந்த வரியைப் படிக்கலாம். அப்படிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ஒரே உணவு, ஒரே விருந்து. உங்கள் இயல் முழுவதும் விழுந்துவிடும். ஏன் அப்படிப் படிக்கக் கூடாது?"

காவியத்தின் வேறு இடங்களில் கூலியாட்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பரிமளா எடுத்துக்காட்டினார்.

"அவை வேறு இடங்கள். இந்த வயலில் என்ன நடந்தது? உங்களுடையது ஊகம். நல்ல ஊகம். ஆனால் ஊகம்."

பரிமளா காகிதங்களைப் புரட்டினார். அவர் தேடிய பத்தி அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பொதுமக்கள் யாரேனும் கேள்வி கேட்க விரும்பினால்..." என்றார். வழக்கமாக அந்த நேரத்தில் நண்பர்கள் முன்பே பேசிவைத்த இரண்டு எளிய கேள்விகளைக் கேட்பார்கள். அன்று யாருக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் கடைசி வரிசையில் அஞ்சலையின் கை உயர்ந்தது.

"ஐயா, நான் பேசலாங்களா?"

"கேள்வி மட்டும் கேட்கலாம்மா. பதில் அவங்கதான் சொல்லணும்."

"கேள்விதாங்க. அந்தக் கயினில அடுப்பு எத்தினி?"

மாணவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுல அடுப்பு வரல..." பரிமளா நிறுத்தி, "காவியத்தில் அடுப்பைப் பற்றிய குறிப்பு இல்லை" என்று எழுத்துத் தமிழுக்கு மாறினார்.

"சரி. மாட்ட அறுக்கறது யாரு?"

"ஆண்கள். அரசனின் ஏவலர்கள்."

"எங்க?"

"மரத்தடியில்." பரிமளா காகிதத்தைப் பார்க்கவில்லை. "தள்ளி. மூலத்தில் 'தள்ளி' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. மற்றவர்களிடமிருந்து விலகி."

"மாவு போடறது?"

"பெண்கள். அது ஆட்களின் சாப்பாட்டுக்கு என்று சொல்லப்பட்டிருக்கிறது."

"அறுப்பு முடிஞ்சிட்டுதா, நடக்குதா?"

"நடக்கிறது. அரிவாள் கையில் இருக்கிறது."

"அப்ப மாட்ட இப்பத்தான் அறுத்திருக்காங்க, ஆளுங்க இன்னும் கயினில இருக்காங்க. நான் தெனம் பசங்களுக்கு ஆக்கிப் போடறவ. மத்தியானச் சாப்பாடு எது, ராத்திரி விருந்து எதுன்னு எனுக்குத் தெரியாதா? ஆம்பள ஆக்குனா அது விருந்து. பொம்பள ஆக்குனா அது சோறு."

"கேள்வி மட்டும்" என்றார் துறைத் தலைவர்.

"மன்னிச்சிக்கிங்க. கேள்வியாவே கேக்கறேன். ஆம்பளைங்க தள்ளிப் போயி ஒண்ணு ஆக்கறாங்க, பொம்பளைங்க இங்க ஆளுங்களுக்கு இன்னொண்ணு ஆக்கறாங்க. அது ரெண்டும் ஒரே கொழம்பா எப்பிடி ஆவும்?"

பரிமளா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். இடம் வேறு, செய்கிறவர்கள் வேறு, நேரம் வேறு, யாருக்கு என்ற குறிப்பும் வேறு. நான்கும் அந்த ஒரே காட்சிக்குள் இருக்கின்றன, வெளியே எங்கும் போக வேண்டியதில்லை என்று வரிசையாகச் சொன்னார். நான் பிழை பார்த்த எந்த வரைவிலும் இந்த நான்கும் ஒன்றாக இல்லை. அவர் அங்கேயே, நின்ற நிலையில், சேர்த்துக் கோத்தார்.

தேர்வாளர் எதையோ எழுதினார். பிறகு பின்வரிசையைப் பார்த்தே கேட்டார். "இருந்தாலும், கடைசியில் ஆட்களுக்கும் ஒரு துண்டு கறி கொடுத்திருக்கலாம் அல்லவா?"

அஞ்சலை துறைத் தலைவரைப் பார்த்தார். பிறகு தேர்வாளரைப் பார்த்தார்.

"இதுவும் கேள்விதாங்க. குடுத்திருந்தா, பாடாம உட்டிருப்பாங்களா?"

இம்முறை முன்வரிசையே சிரித்தது.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும், பெரிய மனிதர் யாராவது ஏழைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் அது படத்தோடு செய்தியாக வரும். வராத நாள் கிடையாது. அந்தப் படத்துக்கு எத்தனையோ முறை தலைப்புப் போட்டவன் நான். கொடுத்தது ஒருபோதும் செய்தியில் விடுபடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "அந்த அம்மா யார்?"

"என் அக்கா, ஐயா. அறுவடைக்குப் போனவர்."

"இவ்வளவு நல்ல சான்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வேட்டில் ஏன் இல்லை?"

பரிமளா என் பக்கம் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால்கூட உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. எழுந்தேன்.

"முதல் வரைவில் இருந்தது. அடித்தது நான்."

"நீங்கள் கேட்பது கேள்வியா?" என்றார் துறைத் தலைவர், களைத்துப்போய்.

தேர்வாளர்கள் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். நடைபாதையில் அஞ்சலை தூணில் சாய்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கெடுத்துட்டனா?" என்று இரண்டு முறை என்னிடம் கேட்டார். பரிமளா பக்கத்தில் போய் நின்று அவருடைய தலையிலிருந்து நழுவிய மல்லிகைச் சரத்தைத் திரும்பச் செருகினார்.

உள்ளே கூப்பிட்டார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று துறைத் தலைவர் வாசித்தார். ஒரே ஒரு திருத்தம்: நூலகப் பிரதியில், முதல்நிலைச் சான்றுகள் என்ற பக்கத்தில் தகவலாளர் அஞ்சலையின் பெயர், வயது, ஊர், தொழிலைச் சேர்க்க வேண்டும், அடித்த பத்தியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். கைதட்டல் அடங்கும் முன்பே முருகேசன் லட்டுப் பெட்டியைப் பிரித்துவிட்டார்.

ஒரு பக்கம் மட்டும் திரும்ப அச்சானது

இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருவில் உள்ள கணினி அச்சுக்கடையில் மூவரும் அந்தப் பக்கத்தின் முன் உட்கார்ந்திருந்தோம். பரிமளா தட்டச்சு செய்தார். நான் பிழை பார்த்தேன். அஞ்சலை ரேஷன் கார்டும் ஆதார் அட்டையும் எடுத்துவந்திருந்தார். இரண்டிலும் வயது ஒன்றாக இருக்கிறது என்பதில் அவருக்குப் பெருமை.

"தொழில், சத்துணவு சமையலர்னு போடட்டாக்கா?"

"மின்ன அறுப்பு, இப்ப சமையல். ரெண்டும் போடு. ரெண்டும் செஞ்சவதான் சொன்னா."

போட்டார். அஞ்சலை திரையருகே குனிந்தார். அவர் பெயருக்கு மேலே, முதல் வரியில், காவியத்தைப் பாடியவரின் பெயர் இருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இவுரு யாரு?"

"அந்தப் பாட்டைப் பாடினவர்க்கா."

"இவுருக்கு வயசு போடலியே?"

"தெரியாது. எந்தக் காலத்துல பொறந்தாருன்னே யாருக்கும் தெரியாது."

"ஊரு?"

"அதுவும் தெரியாது. ஏழெட்டு ஊர்க்காரங்க எங்க ஊருதான்னு அடிச்சிக்கிறாங்க."

"அப்பிடி ஒருத்தர் இருந்தாரா, அதுனாச்சும்?"

பரிமளா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அதுலயும் சந்தேகந்தான்."

அஞ்சலை ஆதார் அட்டையை உறைக்குள் போட்டு, இடுப்பில் செருகினார்.

"அப்ப என்னுத மொதல்ல போடு" என்றார். "என்னுது எல்லாம் கரெக்டா இருக்குதுல்ல?"

பரிமளா என்னைப் பார்த்தார். என் கையில் அச்செடுத்த சோதனைத் தாளும் சிவப்புப் பேனாவும் இருந்தன. முதல் வரியை வட்டமிட்டு, அம்புக்குறியால் இரண்டாம் இடத்துக்கு இறக்கினேன்.